சிவக்கும் எச்சில்: ஒரு வாசகிக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. பதில் எழுத மூன்று மாதம் எடுத்துக்கொள்பவன் என்று நண்பர்களிடம் கெட்ட பெயர் வாங்கியவன் நான். இந்த முறை அப்படி விட முடியவில்லை.

கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பக்கம் உங்கள் மாமியாரின் பல்லைப் பற்றியது. எண்பத்தொரு வயதுவரை தட்டையும் முறுக்கும் கடித்துத் தின்ற அந்த அம்மா வாழ்நாளில் பிரஷைத் தொட்டதில்லை. வேப்பங்குச்சி, அது கிடைக்காத நாளில் அடுப்புச் சாம்பல், அவ்வளவுதான். நீங்களோ இரண்டு வேளையும் பேஸ்ட் போட்டுத் துலக்குகிறீர்கள். வயது நாற்பத்து மூன்று. கீழ்வரிசை முன்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. காலையில் துப்பினால் எச்சில் சிவப்பாக இருக்கிறது. “இது என்ன நியாயம் டாக்டர்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, ரத்தம் வருகிற இடத்தில் ஆறு மாதமாக பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று, என்னைப் பேனா எடுக்க வைத்தது அதுதான். புண்ணை மேலும் கீறுவானேன் என்ற நல்லெண்ணம். இதே நல்லெண்ணத்தோடு இதே காரியத்தைச் செய்தவர்களை முப்பது வருடமாக என் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் சொல்லவில்லை.

முழங்கையில் சிராய்த்துக்கொண்டால் தொடாமல் விட்டால் ஆறும். ஈறு அந்த வகை அல்ல. ஈறில் ரத்தம் கசிவது பிரஷ் குத்தியதால் என்று நினைக்கிறோம். நல்ல ஈறை மென்மையான பிரஷ் எத்தனை முறை உரசினாலும் ரத்தம் வராது. ஏற்கெனவே வீங்கி, உள்தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கிற ஈறில்தான் தொட்டவுடன் சிவக்கிறது. அப்படி வீங்கக் காரணம், பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் படிந்திருக்கும் கிருமிப் படலம். நீங்கள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டதால் படலம்தான் நிம்மதியாக வளர்ந்தது.

இதை நிரூபித்த சோதனை ஒன்று உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ என்ற நார்வேக்காரர் பேராசிரியராக இருந்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாளில் சிலருக்கு, மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி துலக்கச் சொன்னார். ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி ஆனது. 1965இல் வெளியான இந்த ஆய்வு இன்றைக்கும் எங்கள் பாடப்புத்தகங்களின் முதல் அத்தியாயம். வைட்டமின் சி குறைந்ததால் ரத்தம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்கிறீர்கள். நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் காயும் பழமும் கண்ணில் படாத கப்பல்காரர்களுக்கு வந்த நோய் அது. காயும் பழமும் அன்றாடம் சமைக்கிற வீட்டில் அதைத் தேட வேண்டாம்.

அந்தப் படலத்தில் உயிர் இருக்கிறது என்று முதலில் பார்த்தவரும் ஒரு கடிதத்தில்தான் அதைச் சொன்னார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தினமும் காலையில் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பவர், துணியால் துடைப்பவர், குச்சியால் இடுக்கைக் குத்துபவர். அப்படியிருந்தும் கடைவாய்ப் பற்களுக்கிடையே மாவு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை மழைத்தண்ணீரில் கலந்து தானே தேய்த்துச் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. தன் நாட்டில் வாழும் மனிதர்களைவிட தன் வாயில் வாழ்பவை அதிகம் என்று கணக்குப் போட்டார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவரைப் பிடித்து அவர் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் மும்முரம். அந்தக் கிழவருக்கு என்ன கூலி கொடுத்தாரோ!

இன்றைக்கு மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா வகைகள் சுமார் 700 என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள். படலம் புதிதாக இருக்கும்வரை காற்றோட்டத்தில் வாழ்கிறவைதான் அதில் குடியிருக்கும். நாள் ஆக ஆகத் தடித்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறங்குகிறது. அங்கே ஆக்சிஜன் இல்லை. காற்றே ஆகாத வேறு ஒரு கூட்டம் குடியேறுகிறது. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பழைய படலத்தில் ஏறி அதைக் கல்லாக்குகின்றன. அதுதான் பற்காரை. கீழ் முன்பற்களின் பின்பக்கம் முதலில் காரை பிடிப்பதற்குக் காரணம், நாக்குக்கடியில் திறக்கும் எச்சில் சுரப்பி அங்கேதான் ஊற்றுகிறது. ஆடுகிற பல் எது என்று நீங்கள் எழுதியவுடன் நாக்கால் துழாவிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதா?

நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். கோடு போட்ட மெல்லிய கம்பியை அதில் இறக்கி நாங்கள் அளப்போம். நான்கு, ஐந்து, ஆறு என்று போனால் அதை பாக்கெட் என்கிறோம். பெயர் பொருத்தம்தான். உள்ளே என்ன போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, கையை விட்டு எடுக்கவும் முடியாது. உங்கள் பிரஷின் நார் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அதற்குள் இறங்குவது கடினம்.

இந்தப் பாக்கெட்டுக்குள் குடியிருப்பவர்களில் மூவரை 1998இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியும் அன் ஹஃபாஜியும் தனியே பிரித்துக் காட்டினார்கள். 185 பேரின் வாயிலிருந்து 13,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து, எந்தக் கிருமி எதனோடு சேர்ந்து வாழ்கிறது என்று பார்த்து, கூட்டங்களுக்கு நிறம் கொடுத்தார்கள். ஆழமான பாக்கெட், ரத்தக் கசிவு இரண்டோடும் சேர்ந்தே தென்பட்ட மூன்றுக்கும் சிவப்பு. அதில் முதல் ஆள் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். போர்ஃபைரோ என்று சுருக்கிக்கொள்வோம்.

சொத்தைப் பல்லை உண்டாக்கும் கிருமிக்கு இனிப்பு வேண்டும். போர்ஃபைரோவுக்கு சர்க்கரையில் நாட்டமில்லை. அது தின்பது புரதம். புரதத்தை அறுக்கும் நொதிகளை வெளியே விட்டு ஈறின் திசுவையும் ரத்தத்தில் வருவதையும் துண்டு போட்டு உண்கிறது. அப்படி அறுபடும்போது வெளியாகும் கந்தக வாயுக்கள்தான் ஈறு நோயில் வரும் வாய் வாடை. ஏலக்காய் மென்றால் அரை மணி நேரம் மறையும், பிறகு திரும்பி வரும். இரும்புச் சத்துக்கு ரத்தத்தில் இருக்கும் ஹீம் அதற்குத் தேவை. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் அந்த ஹீமைச் சேர்த்துவைத்துக் கறுப்புப் புள்ளிகளாக முளைக்கும். யோசித்துப் பாருங்கள்: ஈறு வீங்கி ரத்தம் கசியக் கசிய அதற்கு விருந்து. இனிப்பைத் தொடுவதில்லை, எனக்கு எப்படிப் பல் நோய் வரும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் வேடிக்கையானது. ஊரில் கலகம் நடந்தால் அடித்தவனையும் அடிபட்டவனையும் போலீஸ் பிடித்துப்போகும். மூட்டிவிட்டவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். போர்ஃபைரோ அந்த ரகம். 2011இல் எலிகளில் செய்த சோதனையில், வாயிலுள்ள மொத்தக் கிருமிகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அது இருந்தபோதே தாடை எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலியின் வாயில் இதை மட்டும் விட்டபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பின் காவலைக் குழப்பிவிட்டு, சாதுக்களாக இருந்த மற்றவர்களைப் பெருக வைத்துக் கெடுப்பதுதான் அதன் வேலை. எலும்பைக் கரைப்பது கிருமிகூட அல்ல, நம் உடம்பேதான். கிருமிக் கூட்டத்தோடு முடிவில்லாமல் சண்டை போடும் உடம்பு, நெருப்புக்குப் பக்கத்திலிருக்கும் கூரையைப் பிரித்துப்போடுவது போல எலும்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பல்லைப் பிடித்திருக்கும் நாரும் போகிறது. வலி மட்டும் பெரும்பாலும் இருக்காது. பயோரியா என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லிவருவது இந்த நிலையைத்தான்.

இப்போது நீங்கள் கேட்ட நியாயத்துக்கு வருகிறேன். மாமியாருக்கு ஏன் வரவில்லை?

இதற்குப் பதில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அதே ஹரால்டு லோ, ஈறு நோயை யாரும் தடுக்காமல் விட்டால் எப்படிப் போகும் என்று பார்க்க விரும்பினார். சிறு வயதிலிருந்து பல் மருத்துவம் பெற்ற ஆஸ்லோ நகரத்துப் படித்த ஆண்கள் ஒரு பக்கம். மறுபக்கத்துக்குப் பல் மருத்துவரையே பார்த்திராத, பிரஷ் பிடித்திராத மனிதர்கள் வேண்டும். 1970இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நம் மாவட்டங்களிலிருந்து கொழுந்துக் கூடையோடு மலையேற்றப்பட்டவர்களின் பேரன்மார். பதினான்கு வயதிலிருந்து முப்பதை ஒட்டிய வயதுவரை. நல்ல உடற்கட்டு. சொத்தைப் பல் கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் படலமும் காரையும் நிறைய.

பதினைந்து ஆண்டு திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். 1985இல் கிடைத்தவர்கள் 161 பேர். ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகக் குடும்பங்கள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஆண்டுகள் அவை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1986இல் முடிவு வெளியானது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அளவு அழுக்கு. ஆனால் நோய் மூன்று வேகத்தில் போயிருந்தது. நூற்றுக்கு 8 பேருக்குக் காட்டுத்தீ. நாற்பத்தைந்து வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போய்விட்டது. பல் வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். 81 பேருக்கு நிதானமாக, ஆனால் நிற்காமல். மீதி 11 பேருக்கு ஈறு சிவந்ததோடு சரி, எலும்பு அசையவில்லை. 2010இல் மறுபடி தேடிப்போய் 75 பேரைக் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு ஒரு பல்லும் விழவில்லை. சிலருக்கு 28 போயிருந்தது. சராசரி 13.

உங்கள் மாமியார் அந்த 11இல் ஒருவர், சகோதரி. நீங்கள் இல்லை, அவ்வளவுதான். ஒரே படலத்துக்கு ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதமாகச் சண்டை போடுகிறது. அதில் பிறவியிலேயே வருவதும் உண்டு. இரண்டு வேளை துலக்கியும் வந்ததே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அதே சமயம் வேப்பங்குச்சியை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். நுனியை மென்று பிரஷாக்கி, திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார் என்றால், சிங்க் முன்னால் நின்று நாற்பது விநாடியில் முடிக்கும் நம்மைவிட அவர் மேல். கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் குச்சி எட்டாது, அது ஒன்றுதான் குறை. சாம்பலும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்க்கும். அதை விட்டுவிடலாம்.

இந்தத் தோட்ட ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். உலகத்தில் எந்த மூலையில் ஈறு நோயைப் படிக்கிற மாணவனும் அந்த 8, 81, 11 என்ற எண்களை மனப்பாடம் செய்கிறான். அவை தமிழ் வாய்களிலிருந்து வந்த எண்கள். நானும் மாணவனாக மனப்பாடம் செய்தேன். ‘ஸ்ரீலங்கன் லேபரர்ஸ்’ என்று மட்டும் படித்ததால் அவர்கள் யார் என்று பல வருடம் கழித்தே உறைத்தது. யாரும் தடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் யாரும் தடுக்காமல்தானே இருக்க வேண்டும்? லோ பெரிய விஞ்ஞானி. பின்னாளில் அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தார். நான் மதிக்கும் மனிதர். ஆனாலும் பதினைந்து ஆண்டு அளந்துவிட்டுப் போன அந்தத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருக்கலாம் என்ற எண்ணம் போகவில்லை.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். கிளீன் பண்ணினால் பல் ஆடும், எனாமல் போய்விடும் என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறார்.

நான் தொழில் தொடங்கிய முதல் வருடம். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். கீழ் முன்பல் ஆறுக்கும் பின்னால் ஒரே சுவராகக் காரை. கொத்தனார் பூசியது போல. ‘வாய் வாடை அடிக்குது தம்பி, சுத்தம் பண்ணு’ என்றார். பண்ணினேன். என் கைத்திறமையில் எனக்கே பெருமை. மறுநாள் காலை கடை திறக்கும் முன் வந்து நின்றார். ‘ஆடாத பல்லை ஆட வச்சிட்டியே’ என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். அந்தப் பற்களின் எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது. காரைச் சுவர்தான் ஆறையும் ஒன்றோடொன்று கட்டி நிறுத்தியிருந்தது. சுவரை எடுத்தேன், பல் தன் நிலைமையைக் காட்டியது. இதை அன்று விளக்கினேன். அவர் ஏன் நம்ப வேண்டும்? முன்னால் சொன்னால் நோய், பின்னால் சொன்னால் சாக்கு. அந்தத் தெருவில் எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டுக் கிளீனிங்குக்கு வராமல் பல்லை இழந்தார்களோ, அந்தக் கணக்கு என் தலையில்தான்.

எனாமல் போகாது. அல்ட்ராசோனிக் கருவியின் முனை அதிர்ந்து காரையை உதிர்க்கிறது, அவ்வளவே. ஆனால் முடிந்தபின் சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். வீக்கம் வடிந்து ஈறு இறங்குவதால் பல் நீளமாகத் தெரியும், இடுக்கில் சந்து தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் பயம் இருக்காது. பாக்கெட் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேரையும் சுத்தம் செய்வார்கள். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது; இருப்பதைக் காப்பாற்றலாம். லேசான ஆட்டம் வீக்கம் குறைந்ததும் இறுகுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். படலத்துக்குள் பொதிந்திருக்கும் கிருமியை வெறும் ஆன்டிபயாட்டிக் சரியாகத் தொடாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல்லில் பழுப்பு ஏறும், நாக்கில் ருசி மாறும். படலத்தைத் தடுக்க அது உதவும் என்று 1970இல் காட்டியவர்களில் ஒருவரும் நம் லோதான்.

கணவர் புகைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவரானால் அவருக்கு ரத்தம் வராததை வைத்துத் தப்பாக நினைக்க வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும், வெளியே ஈறு அமைதியாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் இணைத்திருந்தீர்கள்: ஈறு நோய் வந்தால் மாரடைப்பு, மறதி நோய், இன்னும் ஏழெட்டு. நிதானம் வேண்டும். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. 2019இல் மறதி நோயாளிகளின் மூளையில் போர்ஃபைரோவின் நொதிகளைக் கண்டதாக ஒரு ஆய்வு வந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தின் சோதனை 2021இல் எதிர்பார்த்த பலன் இல்லாமல் முடிந்தது. எல்லா நோய்க்கும் பல்லையே காரணம் சொல்லும் பைத்தியம் ஒரு காலத்தில் உலகைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்காவின் டிரென்டன் நகர மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், பல்லில் ஒளிந்த கிருமியே மனநோய்க்குக் காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார். அந்தப் பாதைக்கு நாம் திரும்ப வேண்டாம்.

சர்க்கரை நோய் மட்டும் வேறு கதை. அது இருவழிப் பாதை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதைப் பல ஆய்வுகள் சேர்ந்து காட்டுகின்றன. நாற்பத்து மூன்று வயதில் முன்பல் ஆடுகிறது என்றால் பல் மருத்துவரிடம் போகும் முன்பே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இன்று ராத்திரியே ஆரம்பிக்க ஒன்று. மென்மையான நார் உள்ள பிரஷ். நார் பல்லுக்கு நேராக இல்லாமல் சாய்வாக, பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி வையுங்கள். அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவு. இந்த முறையைச் சொன்னவர் நியூ ஆர்லியன்ஸின் சார்லஸ் பாஸ். பல் மருத்துவர்கூட இல்லை, பொது மருத்துவம் படித்தவர். 1915 வாக்கில் பயோரியாவுக்குக் காரணம் ஒரு அமீபா என்று அடித்துச் சொல்லி ஊசி மருந்தெல்லாம் சிபாரிசு செய்து தோற்றவர். ஓய்வுக்குப் பிறகு தன் பல்லையே வைத்துச் சோதித்து இந்தத் துலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவர் செய்த தப்பு மறந்துபோய் துலக்கும் முறை அவர் பெயரிலேயே நிற்கிறது.

சந்து விழுந்த இடுக்குகளுக்குப் பாட்டில் பிரஷ் போலக் குட்டியாகக் கிடைக்கும் பல்லிடுக்கு பிரஷை வாங்குங்கள். முதல் வாரம் ரத்தம் கூடுதலாகவே வரும். அப்போதுதான் பிரஷைக் கீழே வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். ஆர்ஹுஸ் மாணவர்களுக்குப் பத்து நாளில் நின்றது. உங்கள் பாக்கெட்டுக்குள் காரை இருப்பதால் டாக்டர் கை வைக்காமல் முழுசாக நிற்காது.

போகும் நாளில் ஒன்று செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் கருவியை எடுக்கும் முன், கண்ணாடி கேட்டு வாங்குங்கள். ஆடுகிற இரண்டு பல்லின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கம்பி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று உரக்கச் சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிப் போய் பக்கத்தில் நிறுத்துங்கள், அவரும் பார்க்கட்டும். கண்ணாடி இல்லை என்றால் உங்கள் போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அண்ணாச்சிக்கு நான் அன்று காட்டாமல் விட்டது அதைத்தான்.

அந்த எண்களை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் வைத்தியர்